உன் பெருவிரலுக்கு ஒரு பெட்டி

ஏலே, உங்கப்பா எழுதினால் கர்த்தரில் தொடங்கி, வீட்டில் எல்லாரையும் நலம் விசாரித்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். எனக்கு அந்தப் பொறுமை எந்தக் காலத்திலும் கிடையாது. திங்கட்கிழமை மறுபடியும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். போன தடவை டாக்டர் கேட்டதற்கு நீ பதில் சொல்லிவிட்டாய், உங்கப்பாவும் சொல்லிவிட்டார். நான்தான் சொல்லவில்லை. கை கால் மாதிரியே உனக்கு மூச்சு இழுக்கிற தசையும் தளர ஆரம்பித்துவிட்டது, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மிஷினோடு இணைக்கலாம், அப்படி வைத்தால் பேச்சு நின்றுபோகும், ஆனால் சில வருஷம் ஓடும் என்றார் டாக்டர். வேண்டாம் என்றால் திணறல் தெரியாமல் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வோம், அதற்கு மேல் எங்கள் கையில் இல்லை என்றார். நீ ‘வேண்டாம் டாக்டர்’ என்றாய். ‘அவன் வெவரம் தெரியாமச் சொல்லுதான், நீங்க போடுங்க’ என்றார் உங்கப்பா. டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கோவில்பட்டி தாண்டும்போது பின்சீட்டில் சாய்ந்திருந்த நீ, ‘எம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலியே’ என்று கேட்டாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பதில்தான் இது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ உடனே எனக்காகச் சரி என்று சொல்லிவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியாதா. எட்டாவது படிக்கும்போது உங்கப்பா உன்னைக் கோயில் பாடகர் குழுவில் சேர்த்தார். உனக்குக் குரல் உடைகிற நேரம், பக்கத்தில் நிற்கிற பையன்கள் சிரிக்கிறார்கள். ‘பிடிக்கலைன்னா சொல்லுலே’ என்றேன். ‘சரிம்மா, பாடுதேன்’ என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இன்ஜினியரிங் என்றார், அதற்கும் தரையைப் பார்த்தாய். பெங்களூர் வேலைக்கும் அப்படித்தான். அடக்கமான பிள்ளை என்று தெருவே சொன்னது. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

உன் வாழ்க்கையில் நீயாக ஆசைப்பட்டு வாங்கியது அந்த சிந்தசைசர் வாத்தியம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதோடு நீ வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. கை சட்டைப் பொத்தான் போட மாட்டேன் என்கிறது, வேலையை விட்டுவிட்டு வருகிறாய், மற்ற சாமானையெல்லாம் அங்கேயே யார் யாருக்கோ கொடுத்துவிட்டு இதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்திருக்கிறாய். கீழே கொஞ்சம் கறுப்பு வெள்ளைக் கட்டைகள், மேலே வரிசை வரிசையாய்க் குமிழ்கள். ‘நம்ம கோயில் ஆர்கன் மாதிரியா?’ என்று உங்கப்பா ஆசையாய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீ ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு ஒரு குமிழைத் திருப்பினாய். மாவுமில் ஓடுகிற சத்தம் ஒன்று கிளம்பி, பைய பைய வாய் திறந்து, ஆள் குரல் மாதிரி ஆகி, திரும்ப மூடிக்கொண்டது. உங்கப்பா எழுந்து போய்விட்டார். ‘கேக்க நல்லாருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க’ என்றாய். நல்லாயில்லை என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

இதில் எதையும் சேமித்து வைக்க முடியாது என்று நீதான் எனக்கு விளக்கினாய். கம்ப்யூட்டர் மாதிரி நேற்றைய சத்தத்தை இன்றைக்குக் கூப்பிட முடியாது. குமிழ்கள் எந்த எந்த இடத்தில் நிற்கின்றனவோ அதுதான் அப்போதைய சத்தம், ஒன்றைத் தொட்டுவிட்டால் போனது போனதுதான். ‘இந்தக் காலத்துல இப்படி ஒரு சாமானாலே?’ என்றேன். ‘அதுக்காகத்தான் வாங்கினேன்’ என்றாய். மாசக்கணக்காக ஒரே ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாய். ஒரு கட்டையைக் காகிதத்தை மடித்துச் செருகி அமுக்கி வைத்துவிட்டு, அந்த ஒரே சுரம் மூடி இருக்கிற இடத்திலிருந்து முழுசாய்த் திறக்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்புகிற மாதிரி ஒரு நீளமான இசை. அதை நீயே வாசித்து, ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும் என்றாய்.

விரல்கள் குமிழைப் பிடிக்க முடியாமல் போன பிறகு ஒரு நாள் நான் காப்பி கொண்டுவந்தபோது, நீ குனிந்து குமிழைப் பல்லால் கடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாய். எச்சில் வழிந்து கட்டை மேலே விழுந்திருந்தது. பார்த்த எரிச்சலை உன்மேல்தான் கொட்டினேன், ‘மானங்கெட்ட பிழைப்பு என்னத்துக்குலே, தூக்கி எறி’ என்று கத்தினேன். நீ வாயைத் துடைக்கச் சொல்லிக் கன்னத்தைக் காட்டினாய். துடைத்துவிட்டு அந்தச் சாமானைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வரிசையாய்ச் சின்ன ஓட்டைகள், அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து ஐந்து வோல்ட் வரை கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. ‘அதுல வோல்டேஜ் கொடுத்தா அந்த நாபைத் திருப்புன மாதிரியே இருக்கும்மா’ என்றாய். அட பாவி, இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிசிக்ஸில் காலம் பூராவும் நான் நடத்தினது அதைத்தானே. மின்னழுத்தமானி என்று ஒரு நீளப் பலகை, மேலும் கீழுமாய் ஓடுகிற கம்பி. கம்பியின் ஒரு முனையில் முழு அழுத்தம், மறு முனையில் ஒன்றுமில்லை, நடுவில் எங்கே தொடுகிறாயோ அதற்குத் தகுந்தது கிடைக்கும். அந்தப் பலகையைச் சுருட்டிப் புளியங்கொட்டை அளவுக்கு ஆக்கினால் கடையில் விற்கிற வால்யூம் கன்ட்ரோல். ஜங்ஷன் பக்கம் ரேடியோ சாமான் கடையில் போய் நின்றேன். ‘ஆம்ப்ளிஃபயருக்கா டீச்சர்?’ என்று கேட்ட அண்ணாச்சி, நான் பதில் சொல்லுமுன் எடுத்துக் கொடுத்துவிட்டார். மிக்சர் டப்பாவைப் பெட்டியாக்கி, ஓட்டை போட்டு அதை மாட்டி, ஒரு காலைப் பென்சில் செல் மூன்றின் நேர்முனைக்கும் இன்னொரு காலை எதிர்முனைக்கும் நடுக்காலைச் சிந்தசைசர் ஓட்டைக்கும் கொடுத்தேன். குமிழுக்குப் பதிலாக ஊறுகாய் பாட்டில் மூடி, உள்ளங்கையால் உருட்ட வசதியாய். சத்தம் வந்தது. ஆனால் முக்கால்வாசித் தூரம் ஒன்றும் அசையவில்லை, கடைசியில் திடுதிப்பென்று எல்லாம் ஒன்றாய்த் திறந்தது. நீ சிரித்தாய். ‘எம்மா, இது வால்யூமுக்குப் போடுதது. நமக்கு ஒரே சீரா ஏறுதது வேணும்.’ மறுநாள் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நீ சாயங்காலம் வரைக்கும் உள்ளங்கையால் அந்த மூடியை உருட்டிக்கொண்டே இருந்தாய், உங்கப்பா ரைஸ்மில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று முனகிக்கொண்டே காதைப் பொத்திக்கொண்டு பேப்பர் படித்தார்.

அதற்கு மேல் உன் நோய்க்கும் எனக்கும் ஓட்டப்பந்தயம் ஆகிவிட்டது. உள்ளங்கை போனதும் மூடிமேல் ஒரு மர ஸ்கேலைத் திருகி வைத்தேன், மணிக்கட்டால் தள்ளினாய். மணிக்கட்டும் போனது. வலதுகைப் பெருவிரல் மட்டும் ஒரு நெல்மணி தூரம் முன்னும் பின்னும் போகிறது என்றாய். நெல்மணி தூரத்துக்குள் குமிழின் முழு வட்டமும் அடங்க வேண்டும். பழைய டேப் ரெக்கார்டரைக் கழற்றிப் பெரிய சக்கரம் ஒன்று, சின்னச் சக்கரம் ஒன்று, நடுவில் ரப்பர் பெல்ட் என்று மாட்டினேன். பெரியது துளி அசைந்தால் சின்னது சுற்றும். ஆனால் தூரத்தில் லாபம் வந்தால் பலத்தில் நஷ்டம் வரும், இதையும் நான்தான் பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டேன். உன் பெருவிரலால் அந்தப் பெல்ட்டை இழுக்க முடியவில்லை. வியர்த்துப் போய் ‘பரவால்லம்மா’ என்றாய். எனக்கு அந்தப் பரவால்ல பிடிக்கவில்லை. அந்தக் கன்ட்ரோலைப் பிரித்துப் பார்த்தால், கையில் கனமாய்த் தெரிய வேண்டும் என்று உள்ளே பசை வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து மூடினேன். ஊதினால் சுற்றுகிற அளவுக்கு லேசாயிற்று. பெருவிரலை வைத்தாய். பைய அந்தச் சத்தம் திறந்தது. அன்றைக்கு நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நம்ம சபைப் போதகர் ஐயரும் ஜெபக்குழுவும் உனக்காக ஜெபிக்க வருவதாய்ச் சொல்லியிருந்தார்கள். இருபது பேர் உட்கார இடம் வேண்டும். நாற்காலி தட்டி, ஜன்னல் துடைத்து, மேஜைக்குப் பின்னல் விரிப்பு போட்டு உங்கப்பா வீட்டைப் பளிச்சென்று ஆக்கினார். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காய் இருந்தவர் அல்லவா, பேனா கூட நேராய்க் கிடக்க வேண்டும். உன் சிந்தசைசரையும் துடைத்தார். குமிழ்கள் கன்னாபின்னாவென்று ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதே, ஐயர் வருகிற வீட்டில் இது என்ன என்று ஒவ்வொன்றாய்த் திருப்பி, குமிழ்களில் இருக்கிற வெள்ளைக் கோடெல்லாம் நேராய் மேலே பார்க்க வைத்தார். நல்ல மனசோடுதான் செய்தார். வந்தவர்கள் உன் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள், பாடினார்கள், காப்பி குடித்தார்கள், அந்தச் சாமானைப் பார்த்து ‘தம்பி ஆர்கன் வாசிப்பாரோ’ என்று கேட்டார்கள். எல்லாரும் போன பிறகு நீ ஆன் பண்ணச் சொன்னாய். கீச்சென்று வேறே என்னமோ கத்தியது. நீ குமிழ்களைப் பார்த்தாய். பல்லால் கடித்துக் கடித்து நீ நிறுத்தி வைத்த அத்தனை இடமும் போயிருந்தது. ‘எப்பா, எல்லாத்தையும் அட்டென்ஷன்ல நிப்பாட்டிட்டியளே’ என்று சிரிக்கத்தான் பார்த்தாய். உங்கப்பாவுக்கு முகம் செத்துப்போனது.

மறுநாளே அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்முன் உட்கார்ந்துவிட்டார். நீ சொல்லச் சொல்ல அவர் திருப்புவது என்று ஏற்பாடு. ‘பைய... இன்னும் பைய... கொஞ்சம் அங்கன... போச்சு, திரும்ப வாங்க.’ கிடைத்த இடத்தை அடையாளம் வைக்க வேண்டும் என்று ஃபேன்சி ஸ்டோரில் போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்கி வந்தார். ‘யாருக்கு அண்ணாச்சி, பேத்திக்கா’ என்று கடைக்காரப் பெண் கேட்டதாம். நம்ம வீட்டுக்குள் பொட்டு நுழைந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் உங்கப்பா சட்டைப் பையில். ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் பொட்டு ஒட்டி, எடுத்து, தள்ளி ஒட்டி, அந்தச் சாமான் கல்யாண வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிட்டது. உங்களைப் பார்த்து நானே சிரித்தேன். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பழைய சத்தம் வரவே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வரும், அதாக இருக்காது.

ஒரு நாள் காலையில் நீ, ‘போதும்ப்பா. அது போயிட்டு. இப்ப இருக்கத வச்சு நான் வாசிக்கேன்’ என்றாய். ‘கண்டுபிடிச்சிருவோம்லே, இந்தா வந்துட்டு, இந்தா வந்துட்டு’ என்று அவர் திருப்பிக்கொண்டே இருந்தார். ‘கைய எடுங்கப்பா’ என்றாய். அவர் எடுக்கவில்லை. அவர் காதில் நீ சொல்வது விழவில்லை என்பதில்லை, விழுந்தது. நீ திரும்பவும் சொன்னாய், இந்தத் தடவை குரல் கீழே இறங்கிவிட்டது, மூச்சும் வாங்கியது. ‘சரி, திருப்புங்க’ என்று முடித்துவிட்டுக் கண்ணைத் தரைக்குக் கொண்டுபோனாய். கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் அதைப் பார்த்துவிட்டேன். எட்டாவது படிக்கிற பையனிடம் பார்த்த அதே பார்வை. எழுந்து வந்து உங்கப்பா மணிக்கட்டைப் பிடித்து அந்தச் சாமானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ‘அவன் போதும்னு சொன்னான், நீங்க கேட்டிய’ என்றேன். அவர் என்னை அடிக்க வருகிற மாதிரி பார்த்தார். அப்புறம் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

நீ அன்றைக்கே வாசித்தாய். பெருவிரல் ஒன்றை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம், அந்த ஒரே சுரம் மூடியிருந்து திறந்து மறுபடி மூடுகிற வரைக்கும். நடுவில் மீன்காரம்மா ‘சாளை, சாளை’ என்று தெருவில் கத்திக்கொண்டு போனாள், அதுவும் பதிவாகிவிட்டது. நான் ஜன்னலைச் சாத்தப் போனேன், வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாய். முடித்ததும் உன் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இன்னொரு தடவை வாசிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், இதுதான் என்றாய். உள்ளதைச் சொன்னால் இப்போதும் அதைக் கேட்க எனக்கு நல்லாயில்லை. ஆனால் எங்களுக்காகச் சரி என்று சொல்லிச் செய்யாதது உன்னிடம் அது ஒன்றுதான், அதனால் மதியம் தனியாய் இருக்கும்போது போட்டுக் கேட்கிறேன். அப்புறம் கொஞ்ச நாளில் பெருவிரலும் நின்றுவிட்டது. அடுத்து என்ன செய்யலாம், தாடையில் ஒரு கம்பி கட்டலாமா என்று நான் வந்து நின்றேன். ‘பெட்டி செஞ்சது போதும்மா’ என்றாய். நான் கேட்டுக்கொண்டேன். அது எனக்கு லேசாக இல்லை.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன்னைத் தெய்வமாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாய். வந்த நர்ஸ் பெண்ணை முகத்துக்கு நேரே போகச் சொன்னாய். கஞ்சியைத் துப்பினாய். நான் ஒரு நாள் குளிக்கப் போய்க் கொஞ்சம் தாமதமானதற்கு ‘செத்தாதான் வருவியளா’ என்று கேட்டாய். அதற்காக நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. நானும் ஒரு நாள் உன்னைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, கர்த்தர் உன்னை எடுத்துக்கொண்டால் எனக்கும் விடுதலை என்று நினைத்தேன். நினைத்த மறு நொடி உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இப்படியெல்லாம் நினைக்கிற ஒருத்தி உன் பக்கம் நின்று ‘வேண்டாம்’ என்று சொன்னால், அது உனக்காகவா, தன் இடுப்பு வலிக்காகவா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதனால்தான் காரில் வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாளும் அதைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

புரட்டிப் பார்த்ததில் தெரிந்தது இவ்வளவுதான். நீ இல்லாத வீட்டில் எனக்கு ஒரு விடுதலையும் இல்லை. நீ எந்த நிலையில் கிடந்தாலும் நீ கிடக்கிற அறைதான் எனக்கு வேண்டும், குழாயோடு கிடந்தாலும் வேண்டும், பேச்சில்லாமல் கிடந்தாலும் வேண்டும். என் ஆசையைக் கேட்டால் போடுங்கள் என்றுதான் டாக்டரிடம் சொல்வேன். ஆனால் அவர் என் ஆசையைக் கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை அவர் கேட்டால், ‘என் மகன் வேண்டாம்னு சொல்லியாச்சு, அதுதான் எங்க பதில்’ என்று சொல்லப்போகிறேன். அங்கே போன பிறகு உனக்குப் பயம் வந்து, போடுங்க என்று சொன்னாலும் எனக்குச் சம்மதமே, அதுவும் உன் வாயிலிருந்து வந்தால். ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், உனக்கு நான் சொல்கிற கடைசிப் புத்தி இதுவாகவே இருக்கட்டும். எங்களுக்காகச் சரி என்று சொல்லாதே. உங்கப்பா அழுவார், நானும் அழுவேன். அழுதுவிட்டுப் போகிறோம், நீ தரையைப் பார்க்காதே.

இதை உங்கப்பாவிடம் நேரே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவர் பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. இந்தக் காகிதங்களை உன்னால் பிடிக்க முடியாது. நாளைக்குக் காலையில் நான் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவர் கையில் கொடுத்து, உனக்குப் பிடித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போவேன். ஒவ்வொரு பக்கமாய் உன் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு கூடவே அவரும் வாசிப்பார். நீ எப்போதும் அவரைவிடச் சீக்கிரம் வாசித்துவிடுவாய். ஆனாலும் காகிதத்தைக் கீழே வைங்க என்று சொல்லிவிடாதே லே. அவர் பையத்தான் வாசிப்பார், வாசித்து முடிக்கட்டும்.